எடுக்காத விரல்

எங்கள் கம்பெனியில் கீபோர்டு வேலைக்கு யாரும் போட்டி போட்டதில்லை. திரையில் பொத்தான் பளபளவென்று மின்னினால் கூட்டத்தில் கை தட்டுவார்கள். பட்டியல் வழுக்கிக்கொண்டு ஓடினால் முதுகில் தட்டுவார்கள். விசையை அமுக்கினால் எழுத்து விழுகிறது என்பதற்கு யார் கை தட்டுவார்கள்? குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி அது வந்தாக வேண்டும். வராத அன்றைக்குத்தான் திட்டு. அந்தத் திட்டை வாங்குகிற நாற்காலியில் தோருன் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. அவளாகவே போய் உட்கார்ந்தாள், பிறகு எழுந்திருக்கவும் மறுத்துவிட்டாள்.

நாங்கள் விற்பது முழுச் செயலி இல்லை. செயலி செய்கிறவர்களுக்கு வேண்டிய சன்னல், பொத்தான், பட்டியல் எல்லாம் அடங்கிய கருவிப்பெட்டி. ஒரு தடவை எழுதினால் போதும், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒன்றுபோல ஓடும் என்பது எங்கள் வாக்கு. அந்த ‘ஒன்றுபோல’வுக்குள் எத்தனை பேர் ஆயுசு கரைகிறது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் கையேடும், ஒவ்வொரு வெளியீட்டோடும் போகிற மாற்றக் குறிப்பும் எழுதுவது என் வேலை. அதனால் தோருனோடு மல்லுக்கு நிற்பதும் என் வேலையாகிவிட்டது.

எங்கள் அலுவலகம் நார்வேயில், ஒஸ்லோவில் இருக்கிறது. ஒஸ்லோக்காரர்களுக்குக் கோபம் வந்தால் “சுவாரஸ்யமா இருக்கே” என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். தோருன் வடக்கே ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவள். அங்கே கோபம் வந்தாலும் திட்டுவார்கள், பிரியம் வந்தாலும் அதே வார்த்தையால்தான் திட்டுவார்கள். குரலை வைத்துத்தான் எது எது என்று பிரிக்க வேண்டும். நான் சேர்ந்த முதல் வாரமே என்னைக் குதிரையின் ஓர் உறுப்பைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிரியம்தான் என்று புரிய எனக்கு ஒரு குளிர்காலம் ஆயிற்று.

அவள் மேசையில் மூன்று கம்ப்யூட்டர், மூன்று கீபோர்டு, ஒரு கல். கல் அவள் ஊர்க் கடற்கரையில் பொறுக்கியது, கருப்பாக, உள்ளங்கைக்கு அடக்கமாக இருக்கும். மதியம் ரொட்டிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு சாப்பிடப் போகும்போது அந்தக் கல்லை ஏதாவது ஒரு விசைமேல் வைத்துவிட்டுப் போவாள். ஒரே விசை விடாமல் அமுங்கிக் கிடந்தால் என்ன ஆகிறது என்று பார்க்கத்தான்.

“நான் திங்கற நேரத்துல அது வேலை பார்க்கட்டும்டா. உங்களை மாதிரி அடிக்கடி காபி குடிக்க எந்திரிச்சுப் போகாது” என்பாள்.

அந்தக் கல்லை வைத்து அவள் போட்ட சண்டையைத்தான் சொல்ல வந்தேன்.

பிப்ரவரி மாதம் எங்கள் உதவி முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வடக்கே ஸ்கார்விகா என்ற துறைமுகத்திலிருந்து ஒட்னி என்ற பெண்மணி எழுதியிருந்தார். ஒட்னியும் புருஷன் ஐலிஃபும் இரண்டே பேராகச் சின்னப் படகில் மீன் பிடிக்கிறவர்கள். வலைப் பையைக் கடலிலிருந்து தூக்குகிற வின்ச்சை அந்தப் படகில் ஒரு கம்ப்யூட்டர் ஓட்டுகிறது. விசையை அமுக்கிப் பிடித்திருக்கும் வரை தூக்கும். விரலை எடுத்தால் பிரேக் விழுந்து நிற்கும். ஒருநாள் மீன் நிறைந்த பை அந்தரத்தில் தொங்கும்போது வின்ச் திடுக்கென்று நின்று, உடனே மறுபடி இழுத்தது. பை ஆடி வந்து ஒட்னியைப் படகின் விளிம்போடு சேர்த்து அடித்தது. தோள் எலும்பு நொறுங்கிவிட்டது.

மின்னஞ்சலில் இதெல்லாம் நாலே வரிதான். அதற்குக் கீழே இப்படி இருந்தது: ‘வின்ச் கம்பெனிக்காரர்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, என் புருஷன் விரலை எடுத்து மறுபடி வைத்தார் என்கிறார்கள். அவர் எடுக்கவே இல்லை என்கிறார். அந்தத் திரையின் மூலையில் உங்கள் பெயர் இருக்கிறது. விரலை எடுத்தால் உங்களுக்குத் தெரியுமா? இரண்டில் ஒன்று பொய். எது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.’

எங்கள் பிரிவுத் தலைவன் ஸ்டைனார் கெட்டவன் இல்லை. சைக்கிளில் வருவான், யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் பூ அனுப்புவான். சண்டை என்றால் மட்டும் ஒதுங்கிக்கொள்வான். “அந்தம்மா நம்ம வாடிக்கையாளர் இல்லையே, வின்ச் கம்பெனிதானே. அவங்களையே கேக்கச் சொல்லி மரியாதையா ஒரு பதில் போட்டுடு” என்றான் என்னிடம்.

நான் மரியாதையாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோது தோருன் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். அடுத்த நிமிடம் என் மேசைத் தொலைபேசி அவள் காதில் இருந்தது. ஒலிபெருக்கியையும் போட்டுவிட்டாள்.

“ஒட்னி, நான் தோருன் பேசறேன். அந்தக் கீபோர்டு விஷயத்தை எழுதினவ நான்தான். தோள் எப்படி இருக்கு?”

“எலும்புதானே, கூடிடும்” என்றது மறுமுனை. குரலில் தோருன் ஊர் வாடை அடித்தது. “கூடாம கிடக்கிறது இந்த மனுஷன்தான். சமையல்கட்டுல உக்காந்து தன் கட்டைவிரலையே பார்த்துக்கிட்டிருக்கு. காட் மீன் கூட்டம் கூட்டமா வர்ற நேரம், படகு கயித்துல கட்டிக் கிடக்கு.”

“அவர் என்ன சொல்றார்?”

“முதல் வாரம் ‘எடுக்கலை’ன்னு கத்தினார். ரெண்டாவது வாரம் ‘எடுக்கலைன்னுதான் நினைக்கிறேன்’னார். இப்ப ‘எடுத்திருப்பேனோ’ங்கிறார். துறைமுகத்துல எவனோ ‘ஐலிஃபுக்கு வயசாயிடுச்சு’ன்னு சொல்லிட்டான். கம்ப்யூட்டர் எதுக்குப் பொய் சொல்லப்போகுதுன்னு கேக்கறாங்க. நீ சொல்லு, பொய் சொல்லுமா?”

“தெரியலை. கண்டுபிடிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் அவர் விரலை அவரே திட்ட வேண்டாம்னு சொல்லுங்க. திட்டணும்னா என்னைத் திட்டச் சொல்லுங்க” என்றாள் தோருன்.

தொலைபேசியை வைத்ததும், அந்த மரியாதைப் பதிலுக்காக எனக்கு ஒரு வசவு விழுந்தது. பிறகு பொதுவாக உலகத்துக்கு ஒன்று. “ஆள் பக்கத்துல நிக்கிற வின்ச்சுக்குக் கைப்பிடியைக் கழட்டிட்டுக் கீபோர்டு வெச்ச மடையன் எவன்? அதுவும் மீன் தேடற சோனாரையும் அதே கம்ப்யூட்டர்லயே ஓட்டறானுங்க!” சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். சோனார் என்ற வார்த்தையில் எங்கோ இடறிவிட்டாள் என்று தெரிந்தது.

விஷயம் இதுதான். விசையை அமுக்கினால் கம்ப்யூட்டர் எங்கள் கருவிப்பெட்டிக்கு ‘அமுக்கினான்’ என்று சொல்லும். எடுத்தால் ‘விட்டான்’ என்று சொல்லும். அமுக்கியபடியே பிடித்திருந்தால்? விண்டோஸ் ‘அமுக்கினான், அமுக்கினான்’ என்று அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். படகில் இருந்த பழைய லினக்ஸ் அப்படி இல்லை. ‘விட்டான், அமுக்கினான், விட்டான், அமுக்கினான்’ என்று ஜோடி ஜோடியாகச் சொல்லும். ‘போயிட்டு வரேன்’ என்று எழுந்து மறுபடி உட்கார்ந்துகொள்கிற விருந்தாளி மாதிரி. அவர் நிஜமாகவே கிளம்புகிறாரா இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைக்க வேண்டும். தோருன் எழுதிய நிரல் அதைத்தான் பார்க்கும்: ‘விட்டான்’ வந்தால், அதன் முதுகிலேயே ‘அமுக்கினான்’ நிற்கிறதா என்று எட்டிப் பார்க்கும். நின்றால் விரல் இன்னும் விசையில்தான் இருக்கிறது. நிற்காவிட்டால் எடுத்தாயிற்று.

எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் வேகமானவை. ஜோடி பிரியாமல் வரும். கல்லும் அத்தனை வருஷமாக ஒரு குறையும் சொன்னதில்லை. தோருன் போய்ப் படகில் இருக்கிற மாதிரியே ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தேடி வாங்கி வந்தாள். அதில் சோனார் படத்தை ஓடவிட்டாள். கல்லை விசைமேல் வைத்தாள். மீன் இல்லாத வெறுங்கடல் படம் ஓடும்போது எல்லாம் சரியாக இருந்தது. பெரிய மீன் கூட்டம் திரையில் வந்ததும் அதை வரைந்து முடிக்க முடியாமல் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. ‘விட்டான்’ வந்தது. ‘அமுக்கினான்’ பின்தங்கிவிட்டது. தோருனின் நிரல் எட்டிப் பார்த்தது, யாரும் இல்லை, ‘விரலை எடுத்துவிட்டான்’ என்று அறிவித்தது.

மீன் நிறையக் கிடைக்கிற நேரத்தில்தான் அது பொய் சொல்லும். படகுக்காரனுக்கு இதைவிடக் கேடு வேறு என்ன வேண்டும்?

தோருன் கல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுவாளோ என்று பயந்தேன். அழவில்லை. “நாசமாப் போனவளே” என்று தன்னையே ஒருமுறை சொல்லிக்கொண்டு நிரலைத் திறந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் கம்பெனியில் வெள்ளி மதியம் இரும்பு அச்சில் மாவு ஊற்றி வாஃபிள் என்ற அப்பம் சுடுவோம். ஆளுக்கு ஒரு வாரம் முறை. அன்றைக்குத் தோருன் முறை. எல்லோரும் தட்டோடு வந்தால், வாஃபிள் இரும்பு குளிர்ந்து கிடக்கிறது; பக்கத்தில் அந்தப் பழைய கம்ப்யூட்டரும் கீபோர்டும் கல்லும்.

“மாவு கலந்து வெச்சிருக்கேன். இதைப் பார்த்தப்புறம்தான் சுடுவேன்” என்றாள்.

வாஃபிள் இல்லாமல் யாரும் நகர மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஐலிஃப் கதையை முழுக்கச் சொன்னாள். ஸ்டைனார் ஜாம் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “பாவம்தான். ஆனா தோருன், கடல்ல குளிரு, கையுறை, அலை அடிக்குது. ஒரு நொடி விரல் வழுக்கியிருக்கலாம். அது மனுஷ இயல்பு” என்றான்.

“சரி” என்று கல்லைத் தூக்கி விசைமேல் வைத்தாள். சோனார் படம் ஓடியது. மீன் கூட்டம் வந்தது. திரையில் சிவப்பாக ‘விட்டான்’ என்று விழுந்தது. மறுபடி விழுந்தது. கல் அசையவில்லை.

“இந்தக் கல்லு விரலை எடுத்துச்சா?” என்று கேட்டாள்.

ஸ்டைனார் ஜாம் பாட்டிலைக் கீழே வைத்தான்.

“கேக்கறேன்ல? கல்லுக்குக் குளிருதா? கையுறை வழுக்குதா? வயசாயிடுச்சா கல்லுக்கு?”

“சரி தோருன், திருத்திடலாம்” என்றான் ஸ்டைனார்.

“திருத்தியாச்சு. காலையிலேயே சேர்த்தாச்சு. ‘அமுக்கினான்’ வந்து சேர இனிமே கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும், அவசரப்பட்டு முடிவு பண்ணாது. இப்ப சொல்லணும்.”

“யார்கிட்ட?”

“எல்லார்கிட்டயும். மாற்றக் குறிப்புல போடணும். விரலை எடுக்காத ஆளை எடுத்ததா சொன்னோம்னு.”

ஸ்டைனார் முகம் வெளுத்துவிட்டது. “வழக்கம்போல ‘லினக்ஸில் விசைகளைக் கையாள்வதில் சிறு மேம்பாடு’ன்னு போடலாமே. வக்கீலைக் கேக்காம இப்படியெல்லாம்…”

“வக்கீலா விசையை அமுக்கினான்?”

“நம்ம ஒப்பந்தத்துலயே இருக்கு, உயிர் ஆபத்து உள்ள இடத்துல இதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு.”

“ஆமா இருக்கு. வின்ச் கம்பெனிக்காரனை அதுக்குத் தனியா உரிச்சுக்கலாம். ஆனா ‘எடுத்தான்’னு சொன்னது ஒப்பந்தம் இல்லை, நாம. அந்த ஆளு பொண்டாட்டி தோளை உடைச்சது தன் விரல்தான்னு நம்ப ஆரம்பிச்சுட்டார். ‘சிறு மேம்பாடு’ன்னு போட்டா அவருக்கு என்னடா புரியும்?”

ஸ்டைனார் குரலைத் தாழ்த்தினான். “இந்த நிரல் யாரு எழுதினதுன்னு கேள்வி வரும், தோருன்.” அவளைக் காப்பாற்றத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

“நான் எழுதினது. என் பேரைப் போடு. எழுத்துக் கூட்டித் தரட்டுமா?” என்றாள். “பயமா இருந்தா என்னை வேலையை விட்டுத் தூக்கு.”

“உன்னைத் தூக்க முடியாதுன்னு உனக்கே தெரியும். தொழிற்சங்கத்துக்காரி நீ.”

“அப்ப பேசாம வாஃபிள் தின்னு” என்று இரும்பைச் சூடாக்கினாள். அன்றைக்கு எல்லா வாஃபிளும் ஓரம் கருகிப்போயிற்று. ஒருவரும் குறை சொல்லவில்லை.

மாற்றக் குறிப்பு எழுத வேண்டியவன் நான். இதுவரை என் வாழ்நாளில் எத்தனையோ ‘சிறு மேம்பாடு’ எழுதியிருக்கிறேன். சோற்றில் பூசணிக்காயை மறைக்கிற வேலைக்கு என்னை மிஞ்ச ஆளில்லை. அன்றைக்கு விரல் அதற்கு வரவில்லை. ‘கம்ப்யூட்டர் திணறும்போது, அமுக்கிப் பிடித்திருக்கும் விசையை விட்டுவிட்டதாக இதுவரை லினக்ஸில் தவறாகச் சொல்லிவந்தோம். விரல் எடுக்கப்படவில்லை. தவறு எங்களுடையது’ என்று எழுதி ஸ்டைனாருக்குக் காட்டினேன். அவன் நெடுநேரம் படித்தான். “சுவாரஸ்யமா இருக்கே” என்று சொல்லி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். போயிற்று என்று நினைத்தேன். திரும்பி வந்து, வெளியிடும் பொத்தானை அவனே அமுக்கினான்.

வின்ச் கம்பெனி முனகிக்கொண்டே புதிய பதிப்பைத் தயாரித்தது. படகில் அதைத் தானேதான் ஏற்றுவேன் என்று தோருன் பிடிவாதமாக நின்றாள். “கையேடு எழுதறவன் ஒரு தடவையாவது கையை நனைக்கணும்” என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். விமானத்தில் கல் அவள் சட்டைப் பையில் இருந்தது.

ஸ்கார்விகாவில் ஒட்னியின் சமையல்கட்டில் உட்கார்ந்தோம். வேகவைத்த காட் மீன், ஈரல், சினை, உருளைக்கிழங்கு. ஒட்னி ஒற்றைக் கையால் பரிமாறினார், இன்னொரு கை கழுத்தில் தொட்டில் கட்டித் தொங்கியது. ஐலிஃப் கதவு அளவுக்கு ஆள். வலது கட்டைவிரலை முஷ்டிக்குள் மறைத்துக்கொண்டு இடது கையால் சாப்பிட்டார்.

தோருன் சுற்றி வளைக்கவில்லை. “ஐலிஃப், நீங்க விரலை எடுக்கலை” என்றாள்.

“கம்ப்யூட்டர் சொல்லுச்சே.”

“பொய் சொல்லுச்சு. சொல்ல வெச்சது நான். நான் எழுதின நிரல் அது.”

ஐலிஃப் முள்கரண்டியைக் கீழே வைத்தார். முகம் மெல்லச் சிவந்தது. “இத்தனை நாளா என் கையை நானே நம்பலை. தெரியுமா உனக்கு? ராத்திரி இவ வலியில முனகும்போதெல்லாம் இதை அறுத்துப் போட்டுடலாமான்னு…” அதற்குமேல் வந்தது குதிரை, பிசாசு, என் கையேட்டில் எந்தக் காலத்திலும் ஏறாத வார்த்தைகள். தோருன் தலையைக் குனியவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு முழுவதையும் வாங்கிக்கொண்டாள்.

அவர் ஓய்ந்ததும், “இன்னும் இருக்கா?” என்று கேட்டாள்.

“இப்போதைக்கு இல்லை. ஈரல் ஆறுது, சாப்பிடு” என்றார்.

சாப்பிட்டுவிட்டுப் படகுக்குப் போனோம். தோருன் புதிய பதிப்பை ஏற்றினாள். சோனாரில் பெரிய மீன் கூட்டத்தின் பழைய பதிவை ஓடவிட்டாள், கம்ப்யூட்டர் நன்றாகத் திணறட்டும் என்று. வலைப் பையில் ஐஸ் மூட்டைகளைப் போட்டு வின்ச்சில் மாட்டினோம். நாங்கள் கரையில் ஏறி நின்றோம், அவள் மட்டும் படகில் நின்று கல்லை விசைமேல் வைத்தாள். பை ஒரே சீராக ஏறியது. இறக்கிவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் சீராக ஏறியது. பையைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டாள்.

“கல்லு தூக்குது. நல்லது” என்றார் ஐலிஃப். கைகள் இரண்டும் கால்சட்டைப் பையில். “நான் தொட மாட்டேன்.”

ஒட்னி படகில் இறங்கினார். விளிம்போரமாக, அடிபட்ட அதே இடத்தில், தொட்டில் கட்டிய கையோடு போய் நின்றார். தலைக்குமேல் வின்ச் கயிறு தொங்கியது.

“அங்க நிக்காதீங்க” என்று தோருன் பதறினாள். அவள் பதறி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

“ஏன்? உன் கல்லு மேல உனக்கு நம்பிக்கை, என் புருஷன் மேல எனக்கு இருக்கக் கூடாதா?” என்றார் ஒட்னி. பிறகு கரையைப் பார்த்து, “ஐலிஃப், இறங்கு. வந்து அமுக்கு.”

“நீ முதல்ல தள்ளி நில்லு.”

“தள்ளி நிக்கறதுன்னா அன்னைக்கே நின்னிருப்பேன். ஊரே உன்னைக் கிழவன்னு சொல்லட்டும். கம்ப்யூட்டர் சொல்லட்டும். நான் சொன்னேனா? ஒரு நாள் சொன்னேனா?” குரல் உடைந்தது, ஆனால் ஆள் நகரவில்லை. “மீன் போய்க்கிட்டிருக்கு மனுஷா. அமுக்கு.”

ஐலிஃப் இறங்கினார். கல்லை எடுத்துத் தோருன் கையில் கொடுத்தார். கையுறையைக் கழற்றினார். கட்டைவிரலை விசைமேல் வைத்து அமுக்கினார்.

பை தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறியது. திரையில் மீன் கூட்டம் கொப்பளித்தது. நாங்கள் யாரும் பையைப் பார்க்கவில்லை, அந்த விரலைத்தான் பார்த்தோம். நகம் வெளுக்கும்படி அமுக்கியிருந்தார். பை ஒட்னியின் தலையைத் தாண்டி, துளியும் ஆடாமல், உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது.

“விடட்டுமா?” என்று ஐலிஃப் ஒட்னியைக் கேட்டார்.

“விடு.”

விரலை எடுத்தார். பிரேக் விழுந்தது. பை அப்படியே நின்றது. ஐலிஃப் அந்தக் கட்டைவிரலைத் தூக்கித் தோருன் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

“இப்பத்தான் எடுத்தேன்” என்றார். “போய் உன் கம்ப்யூட்டர்கிட்ட சொல்லு.”